கட்டம் இல்லாத சொல்

என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். முதலாளி இல்லையோ? பலகையில் பிரஷாந்தினி என்று என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். நான்தான் முதலாளி, நான்தான் வேலையாள், கூட்டித் துடைப்பதும் நான்தான் என்று சொன்னாலும், சிலர் நம்பாமல் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். தர்மபுரம் சந்தியில் ஒரு பெண் போன் திருத்துவதற்கு ஒன்பது வருடமாகியும் சனம் பழகவில்லை. அதனாலோ என்னவோ எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் பிழை முழுக்க என்னுடையது, ஏச்சு வாங்கியது வேறொரு மனிதர்.

என் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. திருத்தி முடித்த போனை நானாக ஓன் செய்து கொடுக்கமாட்டேன். அணைத்து, துடைத்து, உரியவர் கையில் வைத்து, உங்கட கையால போடுங்கோ என்பேன். எங்கள் பக்கத்தில் உழவு மெசின் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, முதல் தடவை சாவியைத் திருப்புவது மெசினுக்குச் சொந்தக்காரர்தான். ட்ரைவர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தொட விடமாட்டார்கள். அதைத்தான் நான் போனுக்குக் கொண்டுவந்தேன். சிரிக்காதீர்கள், சனத்துக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது. சிலர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் பட்டனை அமத்துவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

போன மாசி மாதம், காலபோக அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம், ஒரு காலை புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அவர் பெயர் வீரபாகு. கல்மடுக்குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர். கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த தாயும் தகப்பனும் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். பெண்சாதி ஞானேஸ்வரி அக்கா. கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார்.

போன் அடிக்கடி இறுகிப்போகிறது, தானாக அணைந்து எழும்புகிறது என்று வீரபாகு அண்ணைதான் சொன்னார். ஏன், போன் அவாவினுடையது என்றால் அவாவே சொல்லலாமே என்று நான் வெடுக்கென்று கேட்டுவிட்டேன். பெண்களுக்குப் பதிலாகப் புருஷன்மார் வாய் திறப்பது எனக்குப் பிடிக்காது. ஞானேஸ்வரி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். போனை மேசையில் வைத்து, திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டார், பிறகு இன்னொரு கட்டத்தைத் தொட்டார்.

“தங்கச்சி. ஒருக்கா வடிவாப் பாருங்கோ.”

நல்ல தெளிவான பெண் குரல். அக்காவின் உதடு அசையவில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் செய்வதைப்போல நானும் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

பிறகு வீரபாகு அண்ணை விவரம் சொன்னார். மூன்று வருடங்களுக்கு முன்னர் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஒப்பரேசனுக்கு நாள் குறித்த பிறகு, ஒரு தாதிதான் இந்தப் போனில் ஒரு அப் இறக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறா. திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல்லைச் சொல்லிப் பதிந்து வைக்கலாம், பிறகு கட்டத்தைத் தொட்டால் அந்தச் சொல் கேட்கும். பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் அக்கா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பதிந்திருக்கிறார். நானூற்றுப் பதினேழு கட்டங்கள்.

எனக்குத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சாப்பிட வாங்கோ. உப்புக் கூடிப்போச்சு. மாட்டை நிழலில கட்டுங்கோ. பக்கத்து வீட்டுக்கு, கமலாசனி, கொஞ்சம் சீனி இருக்கோ. எனக்கு நோகுது. நோகேல்லை, சும்மா விடுங்கோ. சந்தையில் விலை கேட்பதற்கு ஒரு பக்கம், கோயிலில் சொல்வதற்கு ஒரு பக்கம், ஏசுவதற்கு இரண்டு பக்கம். இஞ்சேருங்கோ என்று புருஷனைக் கூப்பிடும் சொல்லை மட்டும் ஆறு விதமாகப் பதிந்திருந்தார். சாப்பாட்டுக்கு ஒன்று, சந்தோசத்துக்கு ஒன்று, ஆட்கள் முன்னால் மெதுவாகக் கூப்பிட ஒன்று. ஐந்தாவதைத் தொட்டதும் வீரபாகு அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அது என்னத்துக்கான இஞ்சேருங்கோ என்று நான் கேட்கவில்லை.

இந்தக் குரல் போய்விட்டால் பெண்சாதிக்கு வேறு குரல் கிடையாது என்று அவர் சொன்னார். புதிய போனில் தமிழில் வாசிக்கும் வசதி வந்திருக்கிறதுதான். மருமகன் ஒருவன் போட்டுக் காட்டினானாம். செய்தி வாசிக்கிறவ கதைப்பதுபோல இருந்ததாம், வீட்டு நாய் குரைத்ததாம், அக்கா உடனே நிற்பாட்டச் சொல்லிவிட்டாராம்.

போனைப் பிடித்துப் பார்த்தேன். எட்டு ஒன்பது வருடப் பழசு. அந்த அப் இப்போது எங்கேயும் இல்லை, செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். பதிந்த குரல்களை அது தன் வயிற்றுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. வயர் போட்டு இழுத்தாலும் வராது. அதற்கு ஒரே வழி, கம்பனி ரிக்கவரியை எடுத்துவிட்டு வெளி ஆட்கள் எழுதிய ரிக்கவரி ஒன்றைப் போடுவது.

ரிக்கவரி என்றால் என்ன என்று அண்ணை கேட்டார். ஒவ்வொரு போனுக்கும் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது என்று சொன்னேன். முன்வாசல் இறுகினால் மூன்று பட்டனை ஒன்றாக அமத்திப் பின்பக்கத்தால் அதற்குள் போகலாம். ஆனால் கம்பனிக்காரன் அங்கே இருத்தியிருக்கிற ஆளுக்கு ஒரு வேலைதான் தெரியும். வீட்டை முழுக்கக் கூட்டி வெளியே கொட்டுவது. நான் போடுகிற ஆள் அப்படியல்ல. வீட்டில் உள்ள அத்தனை சாமானையும் ஒன்றும் விடாமல் பிரதி எடுத்துத் தருவார். இந்தப் பழைய மொடலில் உள்ளே இருப்பதை அழிக்காமலே அவரைக் கொண்டுபோய் இருத்தலாம். அக்கா கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கட்டத்தைத் தொட்டார். சரி, செய்யுங்கோ.

கொம்பியூட்டரில் இணைத்துப் பதித்தேன். ஐந்து நிமிட வேலை. பிரதி எடுப்பதற்குப் பெரிய மெமரி காட் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது அண்ணைக்கு அழைப்பு வந்தது. வெட்டுகிற மெசின் முறைக்கு முன்னரே வயலுக்கு வந்துவிட்டதாம். அறுவடைக் காலத்தில் மெசின் ஒருவருக்காகவும் நிற்காது. இப்போது விட்டால் பிறகு பத்து நாளோ பதினைந்து நாளோ, அதற்குள் மழை வந்தால் நெல் போய்விடும். ஓடுங்கோ, வெட்டு முடிய வாங்கோ, பின் அறைக்கு ஆள் போட்டாச்சு, இனி எப்பவும் எடுக்கலாம் என்று நான்தான் அனுப்பினேன். வழக்கம்போல போனை அணைத்து, பற்றரியைக் கழற்றித் திரும்பப் பூட்டி, அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் தன் கையால் அமத்தினார். போன் எழும்பியது. மூவருக்கும் சந்தோசம்.

பங்குனி நடுவில்தான் திரும்பி வந்தார்கள். இந்த முறை அக்கா ஒரு கட்டத்தையும் தொடவில்லை. போன் கம்பனியின் பெயரைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. நாலு நாளாக இப்படித்தான் என்றார் அண்ணை.

பயப்படாதேங்கோ, இதுக்குத்தானே பின் அறைக்கு ஆள் போட்டனான் என்று பெரிய மனுசி போலச் சொல்லிவிட்டு மூன்று பட்டனையும் அமத்தினேன். உள்ளே என்னுடைய ஆள் இல்லை. கம்பனியின் ஆள் இருந்தார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டுக்கொண்டு இருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் போட்டதை யாரோ எடுத்திருக்கிறார்கள். போன் தானாகவா மாற்றும்? கிளிநொச்சியில் யாரிடமோ கொண்டுபோய்க் கொடுத்துக் கிண்டியிருக்கிறார்கள், அது பிழையாகிப்போய் இப்போது என்னிடம் வந்திருக்கிறார்கள். வீரபாகு அண்ணையைப் பிடித்துக்கொண்டேன்.

“உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?”

ஒருவரிடமும் கொடுக்கவில்லை என்றார். நான் விடவில்லை. பொம்பிளை செய்த வேலை என்று நம்பிக்கை இல்லாமல்தானே வேறு இடத்துக்குக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். உங்களைப் போன்ற ஆட்களை எனக்குத் தெரியும் என்றேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இல்லைத் தங்கச்சி, இல்லைத் தங்கச்சி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞானேஸ்வரி அக்கா மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பிறகு பையிலிருந்த கொப்பியை எடுத்து, பக்கம் கிழியும்படி அழுத்தி எழுதி என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். இவர் பொய் சொல்ல மாட்டார் என்று எழுதியிருந்தது.

சரி சரி என்று முணுமுணுத்தேனே தவிர நம்பவில்லை. திரும்பவும் கொம்பியூட்டரில் இணைத்தேன். முதல் தடவை பதியவில்லை என்று காட்டியது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை பதிந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். போனின் உள் மெமரியே செத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் எத்தனை தடவை எழுத விடும் என்று சொல்ல முடியாது. அக்காவின் நானூற்றுப் பதினேழு சொற்களும் அதே மெமரியில்தான் இருந்தன.

பதிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்லி, பற்றரியைக் கழற்றிப் பூட்டி, கை பழகிய வழக்கத்தில் அக்காவிடம் நீட்டினேன். அமத்தினார். பழையபடி கம்பனியின் பெயரோடு நின்றது. அது தெரிந்ததுதானே என்று வாங்கி, மூன்று பட்டனையும் அமத்தி உள்ளே போனால், அங்கே கம்பனியின் ஆள்.

போன் என் மேசையை விட்டு ஒரு அடிகூட அசையவில்லை. இப்போது யாரை ஏசுவது? நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் தெரியாமல் இதற்கு மேல் தொட்டால் உள்ளதும் போய்விடும், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கோ, உங்களைக் கேட்காமல் இதில் கை வைக்கமாட்டேன் என்று சொன்னேன். அக்கா போனின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. வீரபாகு அண்ணைதான் அந்தக் கையை மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் இறங்கும்போது அவர் மட்டும் திரும்பி வந்தார்.

“நாலு நாளா வீட்டில சத்தமில்லைத் தங்கச்சி. கொப்பியில எழுதித் தாறா. நான் எழுத்துக் கூட்டி வாசிச்சு முடிய முன்னம் அவவுக்குக் கோபமே ஆறிப்போகுது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த நாள் விடிந்ததும் கடையைத் திறந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு இருந்தேன். மேசை லாச்சிக்குள் அதே மொடல் போன் இன்னொன்று இருந்தது. உதிரிப்பாகத்துக்கு என்று வாங்கிப் போட்டது. அதில் ரிக்கவரியைப் பதித்தேன். ஓன் செய்யாமல் நேரே பின் அறைக்குள் போய்ப் பார்த்தேன். என் ஆள் இருந்தார். வெளியே வந்து, புதிதாக இன்னொரு தடவை பதித்தேன். இந்த முறை வழமைபோல ஓன் செய்து, அணைத்து, பிறகு பின் அறைக்குள் போனேன். கம்பனியின் ஆள் இருந்தார். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அதே.

அவ்வளவுதான் விசயம். போன் வழமையாக ஓன் ஆகும்போது கம்பனி தன்னுடைய ஆளைத் திரும்பக் கொண்டுவந்து இருத்திவிடுகிறது. பதித்த கையோடு, போனை ஓன் ஆக விடாமல், முதலில் பின் அறைக்குள் போக வேண்டும். போய், கம்பனி ஆளைத் திரும்பக் கூட்டிவருகிற ஏற்பாட்டை நிற்பாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓன் செய்யலாம். நான் படித்த குறிப்பிலேயே இது இருக்கிறது, அதுவும் தடித்த எழுத்தில். பதிக்கிற இடம் மட்டும் வாசித்துவிட்டு, எனக்குத் தெரியாததா என்று மிச்சத்தை விட்டுவிட்டேன்.

உங்கட கையால போடுங்கோ. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அறுபது எழுபது போனுக்கு இந்த ரிக்கவரியைப் போட்டிருக்கிறேன். எல்லோரும் என் கண் முன்னால் கும்பிட்டுக் கும்பிட்டு அமத்தி, நான் போட்டதை அந்த நிமிடமே இல்லாமல் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தேவைப்படாதபடியால் எனக்கும் தெரியாமல் போயிருக்கிறது. காதெல்லாம் சுட்டது. அதைவிட, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்த அந்த மனிதரின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஒரு பாவமும் அறியாத மனிதரை ஊர் பார்க்க ஏசியிருக்கிறேன்.

கடையைப் பூட்டினேன். லப்டொப்பையும் இரண்டு போன்களையும் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். கடையில் இருந்தே செய்திருக்கலாம்தான். ஆனால் மெமரி நடுவில் செத்தால் அது அக்காவின் குரல். அவர் பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மன்னிப்பையும் போனில் கேட்க முடியாது.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்னக் கல்வீடு. முற்றத்துக்கு அப்பால் கிணறு, அதற்கும் அப்பால் வேப்பமரத்தடியில் மாட்டுக்கொட்டில். வீரபாகு அண்ணை வந்து கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது, உங்களுடைய கையிலும் இல்லை, போனிலும் இல்லை, என்ர திமிரில உங்களை ஏசிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒருவரிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் தலையைச் சொறிந்தார்.

“அதை விடுங்கோ தங்கச்சி. நாலு நாளா என்னை ஒருத்தரும் ஏசேல்லை. நீங்கள் ஏசேக்கை ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்தது.”

ஞானேஸ்வரி அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பாயை விரித்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

லப்டொப்பில் இணைத்தேன். முதல் தடவை பதியவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது தடவை பதிந்தது. பற்றரியைக் கழற்றிப் பூட்டினேன். மூன்று பட்டனில் இரண்டை நான் பிடித்தேன், மூன்றாவதை அக்காவை அமத்தச் சொன்னேன். திரை கறுத்து, பிறகு நீலமாக விரிந்தது. என் ஆள் இருந்தார். மெமரி காட்டைப் போட்டு, வேறு ஒன்றும் யோசிக்காமல் பிரதி எடுக்கிற வேலையைத் தொடங்கினேன்.

பத்து, இருபது, முப்பது என்று இலக்கம் ஏறியது. நாற்பத்தொன்றில் நின்றது. வீரபாகு அண்ணை குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், திரும்பவும் குனிந்தார். எனக்கு இருந்து பாக்கேலாது என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டில் பக்கம் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்த நாற்பத்தொன்றையே பார்த்துக்கொண்டு இருந்தோம். நான் வேண்டாத தெய்வமில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, திடீரென்று நாற்பத்திரண்டு என்றது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. நூறைத் தொட்டு, வேலை முடிந்தது என்று எழுதிக் காட்டியது. மெமரி காட்டை உருவி லப்டொப்பில் செருகினேன்.

குரல்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக, பதிந்த ஒழுங்கிலேயே இருந்தன. எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பதினெட்டு. கட்டங்களின் பட்டியலைப் பார்த்தேன். நானூற்றுப் பதினேழு. கடைசிக் குரலுக்கு மட்டும் கட்டம் இல்லை. திரையில் கட்டத்தை அழித்திருக்கிறார்கள், அப் குரலை அழிக்காமல் அடியில் வைத்திருக்கிறது. இது என்னக்கா என்று கேட்டபடி, பதிலைப் பார்க்காமலே தட்டிவிட்டேன்.

முதலில் ஒரு தாதி யாரையோ கூப்பிடும் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு அக்காவின் குரல், மற்றப் பதிவுகளைவிடக் கரகரத்து.

“வீரபாகு.”

சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுவதுபோல நீட்டி, இன்னொரு தடவை.

எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கிராம அலுவலர் கேட்டால்கூட அடையாள அட்டையைத்தான் நீட்டுவார்கள். ஞானேஸ்வரி அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முகம் சிவந்து, பதினாறு வயதுப் பெட்டைபோல இருந்தார். வீரபாகு அண்ணைக்குக் கேட்டுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். அவர் தூரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். லப்டொப்பின் சத்தம் அவ்வளவு தூரம் போகாது.

கொப்பியை எடுத்து எழுதினார். ஒப்பரேசனுக்குக் கொண்டுபோக முன்னம் பதிஞ்சது. அவர் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தவர். இருவத்தி நாலு வருசத்தில ஒருக்காவும் சொன்னதில்லை, சாக முன்னம் ஒருக்காச் சொல்லிப் பாப்பம் எண்டு நினைச்சன். பிறகு வெக்கமாப் போச்சு, அழிச்சிட்டன்.

வாசித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எழுத்துத் தெளிவாகத்தான் இருந்தது, என் கண்தான் சரியில்லை. இதை அழித்துவிடவா, இல்லை ஒரு கட்டம் போட்டுத் தரவா என்று கேட்டேன். அவர் கொப்பியின் மூலையை மடித்தார், விரித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. லாச்சியில் இருந்து கொண்டுவந்த மற்றப் போனில் அப்பும் குரல்களுமாகப் பிரதியை இறக்குகிற வேலையைத் தொடங்கினேன். அது நல்ல மெமரி. இந்த முறை ரிக்கவரியையும் ஒழுங்காகப் போட்டேன், கம்பனி தன் ஆளைத் திரும்பக் கூட்டிவர முடியாதபடி. திரை விரிந்து கட்டங்கள் வரிசையாக வந்து நின்றபோது அக்கா விரலை நீட்டி, எல்லாவற்றுக்கும் கீழே வெறுமையாக இருந்த ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். கட்டம் வந்தது. அதற்குப் பெயர் ஒன்றும் எழுத வேண்டாம் என்று கையால் சொன்னார்.

போனை அவர் கையில் கொடுத்து, அண்ணையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோவன், பாவம், அந்தரப்பட்டுக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னேன். அக்கா எழும்பி வாசற்படியில் போய் நின்றார். சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டினார். ஆறு இஞ்சேருங்கோவும் இருக்கிற பக்கத்தைத் திறந்தார். விரல் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனது. பிறகு பக்கத்தை மாற்றிக் கீழே இறங்கினார். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வயரைச் சுருட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்துவிட்டது.

“வீரபாகு.”

அவர் முதலில் தெருவுக்குப் போகிற ஒழுங்கைப் பக்கம்தான் பார்த்தார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள். படலையில் ஒருவரும் இல்லை. அப்போது அந்தச் சின்னச் சிரிப்பும், நீட்டிக் கூப்பிட்ட இரண்டாவது தடவையும் முற்றத்தைத் தாண்டிப் போயின. அவர் மெல்லத் திரும்பி வீட்டைப் பார்த்தார். கை வாளியைப் பிடித்தபடியே இருந்தது, தண்ணீர் அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அக்கா போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியில் நின்றார்.

“ஓம்,” என்றார் அவர். இருமிக்கொண்டு திரும்பவும் சொன்னார். “ஓமப்பா. இந்தா வாறன்.”